நாற்பத்தோராவது தகராறு

"கையை எடுங்க சார். பகடை இன்னும் மேசையில இருக்கு."

பகடை மேசையில் வேலை பார்க்கும் வெர்லீன் சொன்னது லாயிட் கன்னிங்கின் காதில் ஏறவில்லை. ஒரு கை ஏற்கனவே சில்லின் மேல் இருந்தது. இப்போது இரண்டாவது கையும் வந்து விழுந்தது. அடியில் இருந்தது ஒரே ஒரு பச்சைச் சில்லு. இருபத்தைந்து டாலர். அதைக் கோழிக்குஞ்சைப் போல இரு கைகளாலும் பொத்திக்கொண்டு, பாதி உடம்பை மேசைக்குள் சாய்த்து நின்றார் அந்த ஆறடி உயர ஓய்வுபெற்ற பிளம்பர்.

"எனக்கு முன்னாடி காட்டினது நாலு-ரெண்டு. விழுந்ததும் நாலு-ரெண்டு. அந்த மடங்கைக் கொடு, கையை எடுக்கிறேன்."

"அந்த மடங்கு" என்றார். ஏழு மடங்கு என்று சொல்லவில்லை. எவ்வளவு கோபம் வந்தாலும் கிராப்ஸ் என்னும் இந்தப் பகடையாட்ட மேசையைச் சுற்றி நிற்பவன் அந்த எண்ணை வாயால் சொல்லமாட்டான். முதல் வீச்சில் வந்தால் மட்டும் அது ஜெயிக்கும். அதற்குப் பிறகு எப்போது வந்தாலும் மேசையில் இருப்பதை எல்லாம் வாரிக்கொண்டு போகும். அதனால் அதற்கு இங்கே பெயர் 'பிசாசு'.

பகடைகளை இழுத்துத் தள்ளும் வெர்லீனின் வளைந்த குச்சி அவற்றுக்கு மேலே அப்படியே நின்றது. பதினோரு ஆட்டக்காரர்கள். ஒருவரும் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு போல்டர் நெடுஞ்சாலையின் 'காப்பர் ஸ்பர்' சூதாட்ட விடுதியில் இவ்வளவு அமைதி நல்லதற்கில்லை.

"ஆர்லன்," என்றாள் திரும்பாமல்.

மேசையின் நடுவில் சில்லுக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மேற்பார்வையாளர் ஆர்லன் பிக்ஸ் ஏற்கனவே தொலைபேசியைக் காதில் வைத்திருந்தார். மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்க அனுமதி உள்ள ஒரே ஆள் அவர். அந்த நாற்காலியைத் தவிர வேறு எதற்காகவும் அவர் இந்த வேலையில் இருப்பதாகத் தெரியவில்லை.

"மேலே பார்த்துட்டாங்க," என்றார் போனை வைத்துவிட்டு. "இதுக்கு முன்னாடி விழுந்தது அஞ்சு-ரெண்டு. கூரைக் கேமரா பொய் சொல்லாது, லாயிட்."

"நானும் பொய் சொல்லல."

"நீ பொய் சொன்னதா யாரு சொன்னா? கண்ணாடி மாத்தணும்னுதான் சொல்றேன்." ஆர்லன் மேசையோரம் செருகியிருந்த பிளாஸ்டிக் அட்டையை எடுத்து நீட்டினார். "படி. நிழல் பந்தயம். 'கடைசியாக விழுந்த இரண்டு முகங்களும் அடுத்த வீச்சில் மறுபடி விழுந்தால் பணம். ஒரு முகம் மட்டும் விழுந்தால் போட்டது திரும்பக் கிடைக்கும். இரண்டும் இல்லையென்றால் போட்டது போச்சு.' கடைசியா விழுந்தது அஞ்சு-ரெண்டு. இப்ப நாலு-ரெண்டு. ஒரு முகம் சேர்ந்துடுச்சு. உன் சில்லு உனக்கு. எடுத்துக்கோ, சந்தோஷமா இரு."

லாயிட் கையை எடுத்தார். சில்லை எடுத்தார். வெர்லீனைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

"இருபது வருஷமா உன் மேசையில ஆடறேன், தங்கம். உன்னைத் திருடின்னு சொல்ல என்னை வெச்சிடாதே."

போய்விட்டார். அவரோடு இன்னும் இரண்டு பேர் போனார்கள்.

ஆர்லன் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ஒரு வரி எழுதினார். "நாற்பத்தொன்னு," என்றார், கிரிக்கெட் ஸ்கோர் சொல்பவரைப் போல.

நிழல் பந்தயம் வெர்லீனுடையது. பொருளாக அல்ல, யோசனையாக. இருபத்தோரு வருடம் மற்றவர்கள் கண்டுபிடித்த பந்தயங்களை நின்றுகொண்டே கூவிய வெர்லீன் டக்கெட், நாற்பத்து நான்கு வயதில் தனக்கென்று ஒன்றைக் கண்டுபிடித்தாள். வேறு வேறு முகங்கள் இரண்டும் திரும்ப வந்தால் ஏழு மடங்கு. ஒரே முகம் இரண்டாக இருந்து அது திரும்ப வந்தால் இருபத்து மூன்று மடங்கு. இரண்டு கணக்கிலும் விடுதியின் பங்கு முப்பத்தாறில் இரண்டு. பிசிறே இல்லை. மாநில அரசு முப்பது நாள் சோதனைக்கு அனுமதி கொடுத்தது. பச்சைத் துணியின் நடுவில் ஊதா நிறத்தில் ஒரு கட்டம் அச்சாகி வந்த அன்று அவள் அதை விரலால் தொட்டுப் பார்த்தது கேமராவிலும் பதிவாகியிருக்கும்.

அந்த முப்பது நாள் நாளைக்கு முடிகிறது.

மேசைகளின் இயக்குநர் மார்வா லிண்டன் சுற்றி வளைத்துப் பேசும் பழக்கம் இல்லாதவர். ஷிஃப்ட் மாறும்போது வெர்லீன் இரண்டு கைகளையும் தட்டி, எதையும் ஒளிக்கவில்லை என்று உள்ளங்கைகளைக் கூரைக் கேமராவுக்குக் காட்டிவிட்டு மேசையை விட்டு விலகியதும், ஓரமாகக் கூப்பிட்டார்.

"நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு மாநில அரசுலேர்ந்து அதிகாரி ஓஷிரோ வர்றார். என்னைத்தான் கேட்பார், வெச்சுக்கிறீங்களா வேண்டாமான்னு. எனக்கு இந்தப் பந்தயம் பிடிச்சிருக்கு வெர்லீன். ஆளுங்க போடறாங்க. ஆனா மாசத்துக்கு நாலு தகராறு வந்தாலே நான் ஒரு பந்தயத்தைத் தூக்கிடுவேன். உன்னுது நாற்பத்தொன்னு."

"நாற்பத்தொண்ணுலயும் நாங்கதான் சரி, மார்வா. கேமரா சொல்லுது."

"அதுதான் இன்னும் மோசம். தப்பு நம்மளுதா இருந்தா திருத்தலாம். சரியா ஆடியும் நாற்பத்தோரு பேர் ஏமாந்ததா நினைச்சா, அந்தப் பந்தயத்துல ஏதோ வியாதி இருக்குன்னு அர்த்தம். என்னன்னு நாளைக்குள்ள சொல்லு. இல்லேன்னா வேண்டாம்னு எழுதிடுவேன்."

"வேண்டாம்னு எழுதினா?"

"உனக்கே தெரியும். சோதனையில விழுந்த பந்தயத்தை வேற எந்த விடுதியும் கையால தொடாது."

ஊழியர் சாப்பாட்டு அறையில் செவ்வாய்க்கிழமை என்றால் டாக்கோ. மெகோனன் இரண்டு தட்டு எடுத்துவந்து ஒன்றை அவள் முன் தள்ளினான். சொந்த ஊரான டிரே தாவாவிலிருந்து வந்து ஒன்பது வருடமாக அதே மேசையின் இடது ஓரத்தில் நின்று பணம் பட்டுவாடா செய்பவன். மிளகாய்ச் சாற்றைப் பாதி பாட்டில் கவிழ்த்தும், "காரமே இல்ல," என்று தினமும் சலித்துக்கொள்பவன்.

"சாப்பிடுங்க வெர்லீன். பட்டினி கிடந்தா பந்தயம் பிழைக்காது."

"ஆர்லன் நோட்டு வேணும் எனக்கு."

"அவர் மனைவி பேரையே கேட்டா சொல்லமாட்டார். நோட்டைக் கொடுப்பாரா?"

கொடுத்தார். அதுவும் தானாக எழுந்துவந்து, தட்டுக்குப் பக்கத்தில் போட்டார். "எடுத்துக்கோ. நாளையிலேர்ந்து எனக்கு அதுல எழுத ஒண்ணும் இருக்காது. நிம்மதி."

"ரொம்ப நல்ல மனசு உனக்கு."

"மனசு இல்ல. கை வலிக்குது." ஆர்லன் தன் காபியோடு அடுத்த மேசைக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

நோட்டில் நாற்பத்தோரு வரிகள். தேதி, நேரம், ஆட்டக்காரர் பெயர், குச்சி பிடித்தவர், ஆட்டக்காரர் சொன்னது, கேமரா சொன்னது. ஆர்லனுக்கு நாக்கு நீளம் என்றாலும் கையெழுத்து பள்ளிக்கூட ஆசிரியை எழுதியது போல இருந்தது. வெர்லீன் முதலில் நேரங்களைப் பார்த்தாள். காலை, மதியம், மாலை என்று கலந்திருந்தது. பெயர்களைப் பார்த்தாள். குடிகாரர்கள் சிலர், சுத்தமானவர்கள் பலர். முறை மாறிக் குச்சி பிடித்தவர்களைப் பார்த்தாள். அவள் பதினாறு முறை, மெகோனன் ஒன்பது, மற்றவர்கள் மீதி. எல்லோர் கையிலும் நடந்திருக்கிறது.

பிறகு கேமரா சொன்ன எண்களைப் பார்த்தாள்.

"மெகோ. இதைப் படி. கடைசியா விழுந்ததுன்னு இருக்கிற வரிசை மட்டும்."

"அஞ்சு-ரெண்டு. ஆறு-ஒண்ணு. நாலு-மூணு. நாலு-மூணு. அஞ்சு-ரெண்டு. ஆறு-ஒண்ணு..." அவன் குரல் வேகம் குறைந்தது. பக்கத்தைத் திருப்பினான். மறுபக்கத்தையும் திருப்பினான். "எல்லாமே பிசாசு."

"நாற்பத்தொண்ணும்."

"எட்டு விழுந்த பிறகு ஒரு தகராறுகூட இல்லையா? ஒம்பது?"

"ஒண்ணுகூட இல்ல. முதல் வீச்சுல பிசாசு விழுந்து எல்லாரும் ஜெயிச்ச பிறகு, அடுத்த வீச்சுலதான் சண்டை. எப்பவும்."

மெகோனன் டாக்கோவைக் கீழே வைத்தான். "ஜெயிச்ச சந்தோஷத்துல கண்ணு மங்கிடுதோ?"

"நாற்பத்தோரு பேருக்குமா?"

அவள் எழுந்தாள். மெகோனனின் லாக்கரில் மேசை ஊழியர்களைப் பழக்கும் டீலர் பள்ளியில் வாங்கிய பழைய குச்சி ஒன்று இருந்தது, நடுவில் கறுப்பு டேப் சுற்றியது. பரிசுக் கடையில் விற்கும் ஆட்டத்துக்கு இனி ஆகாதபடி ஓட்டை போட்ட பழைய பகடைகள் இரண்டு வந்தன. மேசை மேல் ஒரு குளியல் துண்டை விரித்தார்கள். உப்பு பாட்டில்தான் ஆட்டக்காரர்.

"போனை எடு. என் முகம் வேண்டாம். கையை மட்டும் படம் பிடி. நான் பகடையைக் கையால அஞ்சு-ரெண்டுன்னு வெச்சுக்கிறேன். விழுந்த மாதிரி. அப்புறம் எப்பவும் போல இழுத்து, உப்புக்கு அனுப்பறேன்."

வைத்தாள். குச்சியின் வளைவால் பகடைகளைத் தன் பக்கம் இழுத்தாள். "அஞ்சு-ரெண்டு, முன்வரிசை ஜெயிச்சது," என்று, முதல் வீச்சில் எல்லோரும் ஜெயிக்கும்போது சொல்வதைப் பழக்கத்தில் கூவினாள். இரண்டு மேசை தள்ளி ஒருவன், "எனக்கும் பத்து டாலர் போடு," என்றான். பகடைகளை உப்பு பாட்டிலுக்கு முன் தள்ளினாள்.

இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

நாலு-இரண்டு.

"வழுக்கிடுச்சு," என்றாள். "துண்டு சொரசொரப்பு. மறுபடி."

ஆறு-ஒன்று வைத்தாள். இழுத்தாள். தள்ளினாள். உப்பு பாட்டிலுக்கு முன் ஐந்து-ஒன்று.

"படத்தைப் போடு."

மெகோனன் போட்டான். போனில் அவளுடைய கை நிதானமாக, அழகாக வேலை செய்தது. குச்சி பகடைகளை இழுத்தது. தள்ளுவதற்குச் சற்று முன், குச்சி முனை ஒரு பகடையின் விளிம்பில் பட்டு, அதைக் கால்வாசி திருப்பியது. அரை நொடிகூட இல்லை.

"நான் திருப்பல," என்றாள் வெர்லீன்.

மெகோனன் மறுபடி போட்டான்.

"மெகோ, சத்தியமா நான் திருப்பல."

மூன்றாவது முறை போட்டான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டீலர் பள்ளியில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது: ஆட்டக்காரன் கைக்குப் பிசாசைக் காட்டி அனுப்பாதே. பகடையில் ஏழு தெரிந்தால் ஒரு தட்டுத் தட்டி வேறு முகமாக்கி அனுப்பு. மூன்று மாதத்தில் அது கைக்குப் பழகிவிடும். மூன்று வருடத்தில் கை அதைத் தலைக்குச் சொல்வதை நிறுத்திவிடும். இந்த ஊரில் குச்சி பிடிக்கும் ஒருவரும் அதைச் செய்வதாகவே நினைப்பதில்லை. கண் சிமிட்டுவதை யாராவது எண்ணுவார்களா?

"விழுந்தது அஞ்சு-ரெண்டு," என்றான் மெகோனன் மெதுவாக. "கேமரா சொன்னது உண்மை. லாயிட் கண்ணு முன்னாடி கிடந்தது நாலு-ரெண்டு. அவர் சொன்னதும் உண்மை. மேலே இருக்கிறவங்க விழுந்ததை மட்டும்தான் பார்க்கிறாங்க. நடுவுல நாம குச்சியால என்ன பண்றோம்னு யாருமே பார்க்கல."

"நம்மையும் சேர்த்து."

அடுத்த மேசையில் ஆர்லனின் முதுகு அசையவில்லை. ஆனால் காபிக் கோப்பை பாதி வழியில் நின்றிருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு மெகோனன் குச்சி பிடித்தான். திட்டம் எளிமையானது. திருப்பக் கூடாது. விழுந்ததை விழுந்தபடியே அனுப்ப வேண்டும். தகராறுக்கே இடமில்லை.

முதல் இருபது நிமிடம் பிரச்னை வரவில்லை, ஏனென்றால் பிசாசு வரவில்லை. பிறகு ஊதாச் சட்டை போட்ட ஒரு பெண், முதுகில் 'வியாழன் மதிய பவுலிங் குழு' என்று எழுதியிருந்தது, முதல் வீச்சிலேயே ஆறு-ஒன்று போட்டாள். மேசை ஆரவாரித்தது. மெகோனன் பற்களைக் கடித்துக்கொண்டு பகடைகளை இழுத்தான். வலது கை அவனை மீறித் திருப்பப் பார்த்தது. இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். ஆறு-ஒன்று அப்படியே அவள் முன் போய் நின்றது.

அவள் நீட்டிய கையைச் சுடு தண்ணீரில் பட்டது போல இழுத்துக்கொண்டாள்.

"யாரு இதை எனக்கு அனுப்பினது?"

"விழுந்தபடியே இருக்கு, மேடம்."

"அது எனக்குத் தெரியுது. என் மேல என்ன கோபம் உனக்கு? உன் அம்மாவுக்கு இப்படி அனுப்புவியா?"

"திருப்பி அனுப்பு தம்பி," என்றார் பக்கத்தில் நின்றவர். "நல்ல பையனா இருக்கே. எதுக்கு எல்லாரையும் கொல்லப் பார்க்கறே?"

"நான் தொடமாட்டேன்," என்று அந்தப் பெண் கைகளைக் கட்டிக்கொண்டாள். நான்கு பேர் சில்லுகளை வாரிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார்கள். ஐந்தாவது ஆள் போகும்போது நிழல் கட்டத்தைக் காட்டி, "இந்தக் கட்டம் வந்ததிலேர்ந்துதான் இந்த மேசைக்குச் சனி," என்றான்.

மெகோனன் வெர்லீனைப் பார்த்தான். அவள் சரி என்று தலையை ஆட்டினாள். அவன் குச்சியால் ஒரு தட்டுத் தட்டினான். ஐந்து-ஒன்று. ஊதாச் சட்டை பெருமூச்சு விட்டுப் பகடையை எடுத்தது. எடுக்கும் முன் அதை உற்றுப் பார்த்து, ஐந்து டாலரை நிழல் கட்டத்தில் போட்டது.

வெர்லீன் அந்த ஐந்து டாலரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அந்தப் பெண் எதைப் பார்த்துப் போட்டாள்? விழுந்ததையா? விழுந்தது அவளுக்கு நினைவிலேயே இல்லை. தன் முன்னால் கிடப்பதைப் பார்த்துத்தான் போட்டாள். லாயிட்டும் அப்படித்தான். நாற்பத்தோரு பேரும் அப்படித்தான்.

ஆட்டக்காரரையும் மாற்ற முடியாது, குச்சியையும் மாற்ற முடியாது. அப்படியென்றால் மாற்றுவதற்கு மிச்சம் இருப்பது ஒன்றுதான்.

அவளுடைய இருபது நிமிட இடைவேளை பதினொன்று பத்துக்கு வந்தது. கைதட்டி உள்ளங்கையைக் காட்டிவிட்டு ஓடினாள். வாகன நிறுத்தத்தின் வெயிலில், ஒரு டிரக்கின் நிழலில் நின்று ரீனோவுக்குப் போன் போட்டாள். பந்தயத்தின் கணக்கை அரசாங்கத்துக்கு எழுதிக்கொடுத்த வென்டெல் அங்கே இருந்தார்.

"வென்டெல், ஒரே ஒரு கேள்வி. நிழல் எதோட நிழலா இருக்கணும்? விழுந்ததா, இல்ல நாங்க குச்சியால தள்ளி அவங்க முன்னாடி வைக்கிறதா? ரெண்டாவது மாதிரி வெச்சா கணக்கு மாறுமா?"

"பகடைக்குத் தன்னை யார் திருப்பினாங்கன்னு தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் என்ன? எந்த ரெண்டு முகத்தை வெச்சாலும் அடுத்த வீச்சுக்கு அதே முப்பத்தாறுதான். முப்பத்தாறில் ரெண்டு விடுதிக்கு. நான் அனுப்பின தாள்ல ஒரு புள்ளிகூட மாறாது." பின்னால் நாய் குரைத்தது. "இதுக்கா போன் பண்ணினே? நான் ஏதோ வழக்குன்னு நினைச்சேன்."

"வழக்குதான். முக்கால் மணி நேரத்துல தீர்ப்பு."

ஓஷிரோ சொன்ன நேரத்துக்கு வந்தார். ஒல்லியான மனிதர். கழுத்துப்பட்டை இல்லை, பழுப்புக் கோப்பு ஒன்று. ஆட்டம் இல்லாத ஓரத்து மேசையில் மார்வா எல்லோரையும் கூட்டியிருந்தார். ஆர்லன் நாற்காலியைத் தேடினார், கிடைக்கவில்லை, முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார்.

"நாற்பத்தோரு தகராறு," என்றார் ஓஷிரோ நோட்டைப் புரட்டியபடி. "என் அனுபவத்துல இது சாதனை."

"காரணம் கண்டுபிடிச்சாச்சு," என்றாள் வெர்லீன். "சொல்றதைவிடக் காட்டறேன்."

குச்சியை எடுத்தாள். ஆறு-ஒன்று வைத்தாள். எதையும் யோசிக்காமல், இருபத்தோரு வருடமாகச் செய்வதைச் செய்தாள். பகடைகள் ஓஷிரோ முன் போய் நின்றபோது ஐந்து-ஒன்று.

ஓஷிரோ புருவத்தை உயர்த்தினார். "இன்னொரு தடவை."

நாலு-மூன்று போய் நாலு-இரண்டு ஆனது. மார்வா மெல்ல, "கடவுளே," என்றார். அவரும் பத்து வருடம் குச்சி பிடித்தவர். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"விழுந்ததை வெச்சு நாங்க பணம் கொடுத்தோம்," என்றாள் வெர்லீன். "முன்னாடி கிடக்கிறதை வெச்சு அவங்க பந்தயம் போட்டாங்க. யாரும் பொய் சொல்லல. திருப்பாம அனுப்பிப் பார்த்தோம், ஆளுங்க ஓடிப்போறாங்க. அதனால ஒரே ஒரு மாற்றம் கேட்கிறேன். நிழல்னா ஆட்டக்காரர் முன்னாடி கிடக்கிற முகம். கணக்கு மாறாது. வென்டெல் எழுதிக்கொடுப்பார். தகராறு ஒண்ணுகூட வராது."

"நல்ல யோசனை," என்றார் ஓஷிரோ.

அவள் மூச்சு விட்டாள்.

"ஆனா சோதனை நடக்கும்போது விதியை மாத்த முடியாது, மிஸ் டக்கெட். விதி மாறினா அது வேற பந்தயம். புது விண்ணப்பம், புது வரிசை. இப்ப வரிசை பதினாலு மாசம்."

அடுத்த மேசையில் யாரோ ஜெயித்து, கூச்சல் எழுந்து அடங்கியது. மெகோனன் தரையைப் பார்த்தான். மார்வா பேனாவை எடுத்தார், மூடியைத் திறந்தார், எழுதவில்லை.

"பதினாலு மாசம் நான் காத்திருப்பேன்," என்றாள் வெர்லீன். "மார்வா, நீங்க வேண்டாம்னு எழுதுங்க. காரணத்தையும் எழுதிடுங்க. பந்தயத்துல வியாதி இல்லேன்னு எழுதுங்க. நான் மறுபடி விண்ணப்பிக்கிறேன். அப்பவும் இதே மேசையில நின்னுக்கிட்டுத்தான் இருப்பேன், எங்கே போகப்போறேன்?"

"பதினாலு மாசத்துல நான் ஓய்வு எடுத்துடுவேன்," என்றார் ஆர்லன். "யாரு நோட்டு எழுதறது?"

ஆர்லன் தொண்டையைச் செருமினார். "நான் சொல்ல வந்தது... நாற்பத்தோரு வரியும் நான்தான் எழுதினேன். ஒரே எண் நாற்பத்தோரு தடவை வந்திருக்கு. என் கண்ணுல படல. கண்ணாடி மாத்தவேண்டியது லாயிட் இல்ல. அதையும் எழுதிக்கோங்க, சார்."

ஓஷிரோ நோட்டை மூடி வைத்தார். பிறகு, "விதியைப் பத்திப் பேசறோம். டீலர்களுக்கு எதைக் கொடுத்துப் பழக்கினீங்க?" என்றார்.

ஆர்லன் மேசையோரத்திலிருந்து பிளாஸ்டிக் அட்டையை உருவினார். "இதுதான். சுருக்கமா இருக்கட்டும்னு நானே தட்டச்சு செஞ்சேன்."

ஓஷிரோ அட்டையைப் படித்தார். 'கடைசியாக விழுந்த இரண்டு முகங்களும்...' என்று உதடுகள் அசைந்தன. பழுப்புக் கோப்பைத் திறந்தார். பக்கங்களைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினார். அட்டையைப் பார்த்தார். மறுபடி பக்கத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் முதல் முறையாக ஏதோ ஒன்று தளர்ந்தது.

"மிஸஸ் லிண்டன், பேனாவை மூடுங்க. சோதனையை இன்னும் முப்பது நாள் நீட்டிக்கிறேன். இன்னிக்கு மதியத்திலிருந்து."

"இப்பத்தானே விதியை மாத்த முடியாதுன்னீங்க?" என்றார் மார்வா.

"முடியாது. மாத்தவும் போறதில்ல." ஓஷிரோ கோப்பைத் திருப்பி வெர்லீன் முன் வைத்தார். "இது போன வருஷம் நீங்க எங்களுக்குக் கையால எழுதி அனுப்பின விண்ணப்பம். நாங்க அனுமதி கொடுத்த விதி இதுல இருக்கிறதுதான், அட்டையில இருக்கிறது இல்ல. ரெண்டாம் பக்கம், நாலாவது வரி. நீங்களே படிங்க."

நீல மை. அவளுடைய சாய்ந்த எழுத்து. தட்டச்சு வருமுன், அட்டை வருமுன், குச்சி பிடித்து நிற்கும் இடத்திலிருந்து தன் கண்ணுக்குத் தெரிந்ததை அப்படியே எழுதியது. அவளுக்கு அன்று விழுந்ததும் முன்னால் கிடப்பதும் ஒன்றுதான். கை செய்ததைத் தலை அறியவில்லை, பேனா அறிந்திருந்தது.

வெர்லீன் சத்தமாகப் படித்தாள்.

"'ஆட்டக்காரர் எடுக்கும்முன் அவர் முன்னால் கிடக்கும் இரண்டு முகங்களே நிழல்.'"